மேசைக்கு அடியில் ஒரு கை

கல்லூரி ஆய்வகத்தில் அவளுக்குக் கோந்து என்று பெயர். எது கசிந்தாலும் டேப்பைச் சுற்றி அடைத்துவிடுவாள். பக்கத்து மேசைக்காரனுக்குச் சவடால் என்று பெயர். அவன் வாயைத் திறந்தாலே காரணம் விளங்கிவிடும்.

ஜெர்மனியில் முனைவர் பட்ட ஆய்வு என்பது சம்பளத்தோடு கூடிய வேலை. பேராசிரியர்கள் விளம்பரம் செய்வார்கள், நாம் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்து விண்ணப்பித்துக் கோந்துக்குக் கை ஓய்ந்துவிட்டது. பாதிப் பேர் 'வருந்துகிறோம்' என்று பதில் போட்டார்கள், மீதிப் பேர் அதற்குக்கூட மெனக்கெடவில்லை. "இதுதான் கடைசி. இதுவும் இல்லேன்னா பேசாம சித்தப்பா கடையில போய் உக்காரு" என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள்.

அந்தக் கடைசி இடத்துப் பேராசிரியை வீடியோ நேர்காணலுக்கு அழைத்தார். தன் ஆய்வுக் கருவியை ஓட்டிக் காட்ட வேண்டுமாம். கோந்து யாரிடமும் மூச்சுவிடவில்லை. குறித்த நாளில் காலையிலேயே ஆய்வகத்துக்குப் போனால், சவடால் டை கட்டிக்கொண்டு நிற்கிறான். அதே வேலை, அதே பேராசிரியை, அவளுக்கு முந்தைய நேரம்.

"துரோகி!"

"ஆமா, நீ மட்டும் எங்கிட்ட சொன்னியாக்கும்?"

சண்டை போடவும் வழியில்லை. இருவருக்கும் பொதுவான அந்தக் கருவியிலிருந்து காற்றை உறிஞ்சும் வெற்றிடப் பம்பின் குழாய் ஒரு மூட்டில் கசியும். அது ஒன்று மட்டும் கோந்தின் டேப்புக்கும் அடங்கவில்லை. மூட்டை இறுக்கிப் பிடிக்கும் கவ்வி கேட்டால் அலுவலகம் கண்டுகொள்ளவில்லை. ஒருவர் கருவியை ஓட்ட, மற்றவர் மேசைக்கு அடியில் உட்கார்ந்து மூட்டை அழுத்திப் பிடிப்பார். இருவருடைய ஆராய்ச்சியும் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"நீ எனக்குப் பிடி, நான் உனக்குப் பிடிக்கிறேன்" என்றான் சவடால். கோந்து பல்லைக் கடித்துக்கொண்டு கீழே நுழைந்தாள்.

"உங்கள் கருவி கசியுமா?" என்று பேராசிரியை கேட்டார்.

"துளிகூடக் கசியாது. எல்லாம் நான் தனியாகச் செய்தது" என்றான் அவன்.

கோந்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையை எடுத்தால் அவன் கதை முடிந்தது. விரல்கள் மரத்துப்போயும் எடுக்கவில்லை.

அடுத்து அவள் முறை, அவன் கீழே. அதே கேள்வி வந்தது. அவன் அவள் காலை நறுக்கென்று கிள்ளினான். அம்மாவின் முகமும் சித்தப்பா கடையும் கண்முன் வந்துபோயின.

"கசியும். தனியாக ஓட்ட முடியாது. கீழே ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கிறார்."

'காட்டிக்கொடுத்துவிட்டாளே!' ஆத்திரத்தில் சவடால் கையை எடுத்துவிட்டான். உஸ்ஸென்று சத்தம். அழுத்தமானியின் முள் சர்ரென்று ஏறியது. அவள் சொன்னது சரிதான் என்று அவனே செய்துகாட்டியாயிற்று.

பேராசிரியை விழுந்து விழுந்து சிரித்தார். "போன நேர்காணலில் மேசைக்கு அடியில் ஒரு சிவப்புக் கைக்கடிகாரம் தெரிந்தது. இப்போது அது உங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் உங்களிடமும் கேட்டேன்."

வேலை அவளுக்குக் கிடைத்தது. செய்தி வந்ததும் கோந்து ஆய்வகத்திலேயே அழுதுவிட்டாள். சவடால் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் வந்து பம்பைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அங்கல்லாம் கவ்வி வச்சிருப்பாங்க, இல்ல?"

"வச்சிருப்பாங்க."

"இங்க இனிமே யாரு பிடிப்பா?"

"ஓட்டு" என்று சொல்லிவிட்டு மேசைக்கு அடியில் நுழைந்தாள்.