ஆற்றின் பழைய வழி

பாடநூல் அலுவலகத்தில் அவளுக்கு இருபது வருஷ சர்வீஸ். புவியியல் புத்தகத்தில் எத்தனையோ மலைகளை இடம் மாறாமல் காப்பாற்றியிருக்கிறாள். இந்த வருஷம் அவள் பிடிவாதமாகக் கேட்டது ஒரே ஒரு பக்கம்: நூற்றுப்பத்து வருஷத்துக்கு முந்தைய நகர வரைபடம். இன்று ஊரோரமாக நேர்கோட்டில் ஒதுங்கிப் போகிற ஆறு, அதில் ஊர் நடுவே வளைந்து ஓடும். அந்த வளைவைத் தூர்த்துத்தான் மனை போட்டு விற்றார்கள். அதில் ஒன்றில் அவள் தம்பி வீடு கட்டினான். போன மழையில் ஆறு தன் பழைய வழிக்கே திரும்பி வந்தது. பரணில் அவன் ஏற்றிவிட்ட மனைவியும் மகளும் பிழைத்தார்கள். அவனை மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள்.

பிள்ளைகளாவது தெரிந்துகொள்ளட்டும் என்று வெள்ளப் பாடத்தில் அந்தப் படத்தை வைத்தாள்.

அலுவலக வக்கீல் ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டார்: வரைந்தவர் செத்தே எண்பது வருஷமாச்சு, காப்புரிமை எப்போதோ முடிந்தது; முடியாவிட்டாலும் பாடம் நடத்தப் போடுவதற்குச் சட்டமே இடம் கொடுக்கிறது. இயக்குநருக்கு அது போதவில்லை. தும்முவதற்கு முன் கோப்பில் குறிப்பெழுதுகிற மனிதர். மரியாதைக்கு, அந்தப் படத்தை வைத்திருக்கும் ஆவணக் காப்பகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவைக்கலாமே என்றார். இருபது வருஷப் பழக்கம். அவளும் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"உரிமையே இல்லாதவங்ககிட்ட போய் அனுமதி கேட்டுட்டீங்களேக்கா. நாற்காலியைக் காட்டினா உக்காராம இருப்பாங்களா?"

சம்மணம் போட்டே உட்கார்ந்தார்கள். உரிமை யாருடையது என்று ஆராயக் குழு அமைத்திருப்பதாகவும், அறிக்கை வரும்வரை பிரசுரிக்க வேண்டாமென்றும் மூன்று பக்கப் பதில் வந்தது. எழுத்தில் கேட்டாச்சு, எழுத்தில் வந்தாச்சு, இனி மீற முடியாது என்று இயக்குநர் நிம்மதியாகச் சொன்னார். அவள் தம்பியைப் பற்றிச் சொன்னாள். கண்ணாடியைத் துடைத்தபடி ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். அதற்கு மட்டும் அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

புத்தகம் இன்றைய வரைபடத்தோடு அச்சேறியது. பள்ளி திறந்த அன்று தம்பி மகள் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்தப் பக்கத்தை ஸ்கேல் வைத்து அளந்திருந்தாள்.

"அத்தை, இதுல நம்ம வீட்டுக்கும் ஆத்துக்கும் ரெண்டு கிலோமீட்டர் இருக்கு. அப்புறம் எப்படி அப்பாகிட்ட வந்துச்சு?"

குழந்தையிடமிருந்தே பென்சிலை வாங்கி, அச்சிட்ட ஆற்றிலிருந்து ஒரு வளைவை ஞாபகத்திலிருந்து இழுத்தாள். கோடு அந்த வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் கை நின்றுவிட்டது.

"வரைங்க அத்தை" என்றாள் குழந்தை.