நாமா, நாங்களா

அந்தத் தளபதியின் மொழியில் நாமும் நாங்களும் ஒன்றுதான். இரண்டுக்கும் ஒரே சொல். என் எரிச்சலெல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

நான் வெளியுறவு அமைச்சகத்தில் மொழிபெயர்ப்பாளர். பெரிய நாடுகளின் ராணுவக் கூட்டணியில் எங்கள் நாட்டைச் சேர்த்துக்கொள்ள அதன் தளபதி வந்திருந்தார். காலையில் அவர் கூட்டி வந்த மொழிபெயர்ப்பாளர்தான் பேசினார். எல்லாவற்றுக்கும் ‘நாம்’ போட்டுத் தள்ளினார் மனிதர். நாம் காப்போம், நாம் வெல்வோம், நாம் முடிவெடுப்போம். அமைச்சருக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து நாட்டுக்காரன் எல்லையில் உறுமிக்கொண்டிருக்கும்போது இத்தனை பேர் தோளில் கைபோட்டால் யாருக்குத்தான் உச்சி குளிராது?

மதியம் அந்த ஆளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. இரண்டு பக்கத்துப் பேச்சும் என் தலையில் விழுந்தது.

என் மகன் அந்த எல்லையில்தான் காவலில் இருக்கிறான். கட்டாயச் சேவை. கையெழுத்தானால் முதலில் கப்பலேறுவது அவன் படைப்பிரிவுதான் என்று அலுவலகம் முழுக்கப் பேச்சு. கடலுக்கு அப்பால் எவனோ எவனோடோ போடும் சண்டைக்கு.

போர் எங்கே, எப்போது என்பதை முடிவு செய்வோம் என்றார் தளபதி. யார் செய்வது? வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். பிறகு அவரிடமே கேட்டேன், அந்த முடிவில் எங்கள் நாட்டுக்கும் பங்கு உண்டா என்று. அவர் சிரித்தார். இல்லை, அது கூட்டணியைத் தொடங்கியவர்களின் குழு, ஆனால் படை எல்லோரும் அனுப்பியாக வேண்டும் என்றார். ஒளிவுமறைவே இல்லை. காலையிலேயே கேட்டிருந்தால் காலையிலேயே சொல்லியிருப்பார். ஒருத்தரும் கேட்கவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

“போரை நாங்கள் முடிவு செய்வோம். நாம் போரிடுவோம்,” என்று மொழிபெயர்த்தேன்.

அமைச்சர் நிமிர்ந்தார். “என்னம்மா, காலைல வேற மாதிரி இருந்துதே?”

“காலைல சொன்னது தப்பு சார்.”

“இன்னொரு தடவை கேளுங்க.”

கேட்டேன். அதே பதில். அமைச்சர் பேனாவை மூடினார்.

வெளியே தாழ்வாரத்தில் செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். “உங்கள யாரும்மா கேள்வி கேக்கச் சொன்னா? வாய வாடகைக்கு விட்டவங்க நீங்க.”

“வாயத்தான் சார் விட்டிருக்கேன். பிள்ளைய இல்ல.”

நாளையிலிருந்து கூட்டங்களுக்கு வர வேண்டாம் என்றார். சரி என்று பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மாலையில் டிவியில் அமைச்சர் முழங்கினார், எந்த அணியிலும் சேராமல் நிற்பது நமது நெடுநாள் கொள்கை என்று. மதியம்வரை பேனாவைத் திறந்து வைத்திருந்தவர். கையிலிருந்த டம்ளரை டிவியின் மேல் எறியலாம் போல இருந்தது.

அப்போதுதான் மகன் போன் செய்தான்.

“ஏம்மா, கூட்டணி இல்லையாமே. நாளைக்குப் பக்கத்து நாட்டுக்காரன் உள்ள வந்தா எங்களுக்கு யாரு வருவா?”

“கூட்டணியில சேர்ந்தாலும் அவங்க கூடிப் பேசி, மனசு வந்தாத்தான் வருவாங்க. அதுக்கு நீ அவங்க சொன்ன இடத்துக்கெல்லாம் போய்ச் சுடணும்.”

“அப்ப இங்கயே சாகணும்ங்கிற.”

அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. இந்தப் பக்கம் துப்பாக்கி, அந்தப் பக்கம் ஒப்பந்தம், நடுவில் நான் பெற்ற பிள்ளை.

“யாருக்காகவும் சாகாதேன்னுதான்டா சொல்றேன்,” என்று கத்தினேன்.

பின்னாலிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். காவலுக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டான்.