சுருக்கி வைத்த கல்யாணம்

போட்டோ லேபில் ஏசி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் வேர்த்தது. திரையில் என் அப்பாவின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து கிடந்தது.

"இதுக்கு மேல பெருசாக்கினா இப்படித்தான் வரும்," என்றாள் லேபில் வேலை செய்யும் பெண். "தபால் கார்டு அளவுக்குப் போட்டுத் தரலாம். செவுத்துல மாட்டுற அளவுக்கு வராது மேடம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தங்கை திரையை நோக்கிக் குனிந்தாள். பக்கவாதத்தில் விழுந்த அப்பா, போன மாதம் அவள் கல்யாணத்தில் நாற்காலிக் கையை ஊன்றி எழுந்து, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரே ஒரு தடவை. அந்தப் படத்தை ஆளுயரத்துக்கு மாட்டவேண்டும் என்று புது வீட்டுக் கூடத்தில் ஒரு சுவரையே காலியாக விட்டிருக்கிறாள். அப்பா இனி எழுந்து நிற்பார் என்று டாக்டரே சொல்வதில்லை.

எனக்கு வாய் நீளம். வீட்டில் எல்லோரும் சொல்வதுதான். படம் எடுத்தவர் என் வீட்டுக்காரர்; வெளியாள் எதற்கு, இவரிடம்தான் புதுக் கேமரா இருக்கிறதே என்று அடித்துச் சொன்னவள் நான். அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது. பின்னால் நின்ற அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன்.

"உங்கள நம்பி விட்டேன் பாருங்க, என் புத்தியச் சொல்லணும். தெரியும் தெரியும்னு தலைய ஆட்டினீங்களே, இதான் தெரிஞ்ச லட்சணமா? ஒரு வேலையாவது உருப்படியா செஞ்சிருக்கீங்களா இதுவரைக்கும்?"

பாஸ்போர்ட் போட்டோவுக்காக உட்கார்ந்திருந்த பெரியவர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். இவரும் குனிந்துகொண்டார்.

லேப் பெண்ணுக்குச் சங்கடமாகிவிட்டது. வேகமாக மவுசை உருட்டினாள். "ஒரு நிமிஷம் மேடம். ஆரம்பத்துல எடுத்ததெல்லாம் பெருசாத்தான் இருக்கு. பொண்ணுக்குத் தலை வார்ற வரைக்கும் பிரமாதமா இருக்கு. அதுக்கப்புறம்தான் எல்லாமே சின்ன அளவு. தரத்தையும் அடிமட்டத்துல வெச்சிருக்காங்க. நடுவுல யாரோ செட்டிங்க மாத்தியிருக்காங்க."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

மணப்பெண் அறை. கேமராவின் மெமரி கார்டில் இடம் தீரப்போகிறது, இன்னொரு கார்டு வண்டியில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று இவர் கிளம்பினார். "இங்க குடுங்க" என்று கேமராவைப் பிடுங்கினேன். மெனுவைத் தேடி அளவைச் சின்னதாக்கினேன், தரத்தையும் கடைசிக்கு இறக்கினேன். இன்னும் எத்தனை படம் எடுக்கலாம் என்று காட்டும் எண் மளமளவென்று ஏறியது. ஆபீஸில் பைல்களைச் சுருக்கி மெயிலில் அனுப்புவது என் அன்றாட வேலை. அந்தப் பக்கம் திறந்தால் ஓர் எழுத்துக் குறையாமல் முழுசாக விரியும். படமும் அப்படித்தான் என்று நினைத்தேன். "இதுக்குப் போயி முழிக்கிறீங்களே" என்று சித்தி, அத்தை எல்லோர் முன்னாலும் பீற்றிக்கொண்டு, "இனி இதுல கை வைக்காதீங்க" என்று வேறு சொன்னேன்.

"சுருக்கினத மறுபடி விரிக்க முடியாதா?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"முடியாது மேடம். மீதி விவரத்தத் தேவையில்லன்னு கேமரா அப்பவே தூக்கிப் போட்டுடுச்சு. இல்லாதத எங்க போயி எடுக்கிறது?"

தங்கை நிமிர்ந்தாள். "அப்போ கேமரா யார் கையில இருந்துச்சு?"

"என்கிட்டதாம்மா," என்றார் இவர். "தெரியாம எதையோ அமுக்கிட்டேன்."

"அப்பா இனிமே நிக்கமாட்டாரு மாமா," என்றாள் தங்கை.

பேசாமல் இருந்தால் இதோடு முடிந்துவிடும், அவர்தான் ஏற்றுக்கொண்டாரே என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

"அவரில்ல," என்று முனகினேன். "நான்தான்."

"என்னக்கா?"

அவளுக்குக் கேட்கவில்லை. உரக்கச் சொல்லவேண்டியிருந்தது. "நான்தான் மாத்தினேன். இடம் மிச்சமாகும்னு நான்தான் மாத்தினேன்." பெரியவர் இந்த முறை தலையைக் குனியவில்லை.

தங்கை என்னைத் திட்டியிருந்தால் தேவலை. லேப் பெண்ணிடம் திரும்பி, "தபால் கார்டு அளவுலயே போட்டுடுங்க," என்றாள். என் பக்கம் பார்க்கவே இல்லை.

நான் வெளியே வந்து படியில் நின்றேன். இவரும் பின்னாலேயே வந்தார்.

"படம் சின்னதா விழுறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"மோதிரம் மாத்தும்போதே பார்த்துட்டேன்."

"அப்பா எழுந்து நிக்கிறதுக்கு முன்னாடியேவா?"

"ம். வண்டியிலேருந்து அந்தக் கார்டையும் எடுத்துட்டு வந்து பாக்கெட்லதான் வெச்சிருந்தேன்."

"அப்போ பழையபடி மாத்தித் தொலைச்சிருக்கலாமே..." குரல் தானாக உயர்ந்தது. அடக்கிக்கொண்டேன்.

"மாத்தத்தான் போனேன். நீ பார்த்துக்கிட்டே இருந்தே. கல்யாண வீட்டுல எல்லார் முன்னாடியும் கத்துவியேன்னு விட்டுட்டேன்."

குறையாகச் சொல்லவில்லை அவர். பஸ் வரத் தாமதமாகும் என்று சொல்வதுபோலச் சொன்னார். சொல்லிவிட்டு, நான் கத்துவேனோ என்று என் முகத்தைப் பார்த்தார்.