சூடு காட்டிய பட்டை

எட்டு மாதமாகப் பட்டறையின் பின்பக்கம் தார்ப்பாய் மூடிக் கிடந்த பத்மினி காருக்கு அடியில் கந்தவேல் அன்றுதான் ஊர்ந்து போனான். சூரமங்கலத்து ரயில்வே கிளார்க் ஒருவர் தன் பழைய ஃபியட்டுக்குப் பின்பட்டை, பின்சக்கரத்தில் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டை, கேட்டிருந்தார். பள்ளிபாளையத்தில் வேறு எந்த வண்டியிலும் கழற்றக் கிடைக்கவில்லை. சௌந்திரமும் வண்டியைப் பிரித்துக் கொடுத்துவிடலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

வண்டி அவள் புருஷன் தண்டாயுதபாணியுடையது. தறிக்காரர். எண்பத்திரண்டாம் வருஷம் ஆடியில் எடப்பாடி ரோட்டில், பட்டப்பகலில், நேரான சாலையில், கார் வாய்க்காலுக்குள் போய்விட்டது. ஆளைப் பிணமாக எடுத்துப் போனார்கள். காரைக் கொண்டுவந்து கந்தவேலிடம் போட்டுவிட்டார்கள்.

அதற்கு மூன்று நாள் முன்னால்தான் கந்தவேல் அந்த வண்டிக்குப் பின்பட்டை மாற்றியிருந்தான். புதுப் பட்டை கோயமுத்தூரிலிருந்து வரப் பத்து நாளாகும். கையில் இருந்தது பழைய மாடல் ஃபியட்டின் பட்டை. நீளம் சரி, முனையில் போல்ட் மாட்டும் கண் மட்டும் சிறியது. நெருப்பில் காட்டிக் கண்ணை விரித்து மாட்டினான். பட்டைக்குச் சூடு காட்டினால் பதம் போய் ஒடிந்துவிடும் என்பது பட்டறை கூட்டுகிறவளுக்கும் தெரியும். "நாலு நாளைக்குத் தாங்குனாப் போதும், கந்தா" என்று தண்டாயுதபாணி அவசரப்படுத்தினார். இவனும் தலையாட்டிவிட்டான்.

கார் வாய்க்காலில் விழுந்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. ரோட்டில் ஏதாவது கார் குழியில் இறங்கி ஏறினால் கையிலிருக்கும் ஸ்பேனர் அப்படியே நின்றுவிடும். மழையில்லாத நாளிலும் தார்ப்பாய்க்குள்ளிருந்து வாய்க்கால் தண்ணீர் வாடை வந்தது. காத்துக் கருப்பு அண்டியிருக்கிறது என்று மனைவி ராமாயி கையில் கயிறு கட்டிவிட்டாள். கயிறு என்ன செய்யும், பாவம். உள்ளே இருக்கும் பட்டை எங்கே ஒடிந்திருக்கிறது என்று குனிந்து பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது பார்த்தான். காய்ந்த சேற்றைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டினான். இடது பக்கம், வலது பக்கம். ஒடியவில்லை. விரிசல்கூட இல்லை. சூடு காட்டிய கண் தன் இடத்தில் கெட்டியாக உட்கார்ந்திருந்தது.

மல்லாந்து படுத்தபடியே அழுதான். எட்டு மாதத்துப் பாரம் நெஞ்சிலிருந்து இறங்கியது. பிறகு பிரேக்கைப் பார்த்தான், ஸ்டியரிங்கைப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தன. அப்படியென்றால் நேரான ரோட்டில் வண்டியைத் திருப்பியது எது? நாலு நாளைக்குத் தாங்கினால் போதும் என்று அவர் சொன்னது இப்போது வேறு மாதிரி காதில் விழுந்தது.

வெளியே வந்தபோது சௌந்திரம் நின்றிருந்தாள். கூட வந்த அவள் அண்ணன்மார் இருவரும் எதிரே டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கோணும் தம்பி. அடியில ஏதாச்சும் ஒடிஞ்சு கெடக்குதா?"

கந்தவேல் கையில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தான்.

"அவராப் போயி உழுந்துட்டாருன்னு ஊரே பேசுது. பள்ளிக்கோடத்துல எம்புள்ளகிட்டயே கேக்கறாங்களாம். கடைசிப் பத்து நாளு எங்கூட அவரு பேசவேயில்ல. நாந்தான் என்னமோ சொல்லிப்போட்டேனோன்னு கெடந்து சாகறேன்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் தப்பித்துவிடுவான். ஆனால் இத்தனை நாள் அவன் சுமந்தது அவள் தலையில் ஏறிவிடும். அவள் இறக்கி வைக்க இடமே கிடையாது. கந்தவேலுக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"ஒடிஞ்சு கெடக்குதுங்க அக்கா. நாம்போட்ட பட்டைதானுங்க. சூடு காட்டி மாட்டுனேன். தப்பு என்மேலதானுங்க."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஒரு வார்த்தை வையவில்லை. அவள் முகத்தில் எட்டு மாதமாக இல்லாத ஒரு நிம்மதியை அவன் கண்டான். அவள் விடுவிடுவென்று ரோட்டைத் தாண்டி அண்ணன்மாரிடம் போய் என்னவோ சொன்னாள். மூத்தவர் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

கந்தவேல் மறுபடி வண்டிக்கு அடியில் புகுந்தான். அவர்கள் வந்து குனிந்து பார்ப்பதற்குள், சுரண்டிப் போட்டிருந்த சேற்றை அள்ளி, எச்சில் துப்பிக் குழைத்து, ஒடியாத பட்டையின் மேல் இரண்டு கையாலும் அப்பத் தொடங்கினான்.