இரண்டாவது ஊசி

ஆண்டுக்கு ஒருமுறை அமலி தன் மாணவர்கள் முன்னிலையில் ஒரு கினிப்பன்றியைச் சாகவிடுவாள். அதற்கு மூன்று வாரம் முன்பே, அதே வகுப்பில், அந்தப் பிராணிக்குக் குதிரைச் சீரம், அதாவது குதிரை இரத்தத்தின் தெளிநீர், ஒரு சொட்டு ஏற்றியிருப்பாள். அன்று அதற்கு ஒன்றும் ஆகாது. முட்டைக்கோஸ் இலையைக் கொறித்துக்கொண்டு சுகமாக இருக்கும். இரண்டாவது முறை அதே சீரத்தை ஏற்றியதும் மூக்கைச் சொறியும், இருமும், மூச்சுக்குத் தவிக்கும். பிறகு கால் நீட்டிக் கிடக்கும். கடைசி பெஞ்சில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள்கூட வாயடைத்துப் போவார்கள்.

"உடம்புக்கு ஞாபகம் உண்டு," என்பாள் அமலி. "அந்த ஞாபகம் நம்மைக் காப்பாத்தும். சில சமயம் கொன்னும் போடும். எது எப்போன்னு தெரிஞ்சுக்கிறதுதான் இம்யூனாலஜி."

கோடைக்கானல் மிஷன் பள்ளி வாத்தியார் அடைக்கலராஜின் மகள் அவள். மதராஸில் டாக்டருக்குப் படித்து, உதவித்தொகையில் இரண்டு வருஷம் இங்கிலாந்து போய் வந்து, மதராஸிலேயே ஒரு மருத்துவக் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்திருந்தாள். துறைத் தலைவர் பேராசிரியர் சுப்புராஜ். கெட்டிக்காரர், பேச்சில் தேன் ஒழுகும். தொண்டை அடைப்பான் நோய்க்கு அவர் ஒரு புதுச் சீரம் தயாரித்திருந்தார். மற்றவர்கள் செய்வதுபோலக் குதிரையின் இரத்தத்திலிருந்து எடுத்ததுதான். ஆனால் அவர் தம் முறையில் அதைச் சுத்தம் செய்திருந்தார். நோய் வருமுன்னே ஒரே ஊசி போட்டால் ஒரு வருஷம் காக்கும் என்பது அவர் வாதம்.

"மலை ஊர்ல போட்டுப் பார்ப்போம். உன்னை அங்கே நம்புவாங்க," என்றார்.

"சார், அந்தப் பிள்ளைகளுக்கு நாளைக்கு நோய் வந்து மறுபடியும் சீரம் கொடுக்க வேண்டி வந்தா?"

"நோயே வராதேம்மா! அதுக்குத்தானே இது. அப்படியே வந்தாலும் என்ன? நான் சுத்தம் செஞ்ச சீரத்துல குதிரையே கிடையாது."

அறுபத்தோராம் வருஷம் அமலி கோடைக்கானல் மலைக் கோடியிலுள்ள கிளாவரைக்குப் போனாள். பூம்பாறைக்கு மேல் ஜீப் போகாது. பூண்டு மூட்டை இறக்கிவிட்டுத் திரும்பும் மட்டக்குதிரைகளின் முதுகில் சீரப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நடந்தாள். ஊர்ப் பிள்ளைகள் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டார்கள். கந்தம்மாளின் மகன் பொன்னுச்சாமி முதல் ஆளாக வந்து சட்டையைக் கழற்றினான். ஊசிக்குப் பயந்து காட்டுப்பக்கம் ஓடி ஒளிந்தவர்களும் சிலர் உண்டு. அவர்களை விட்டுவிட்டார்கள்.

அந்த வருஷம் பக்கத்து ஊர்களில் நோய் வந்தது, கிளாவரையில் வரவில்லை. சுப்புராஜ் துள்ளிக் குதித்தார். இதைப் பற்றி அவர் எழுதப்போகும் கட்டுரையில் அமலியின் பெயரும் இருக்கும், அடுத்த ரீடர் பதவியும் அவளுக்குத்தான் என்று பேச்சு அடிபட்டது.

மறுவருஷம் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அவள் அப்பா வீட்டில் இருந்தபோது, ஊர் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் பரமானந்தம் மூச்சிரைக்க வந்தார்.

"டாக்டரம்மா, கிளாவரையில தொண்டை அடைப்பானுங்க. ரெண்டு புள்ளைக போயிருச்சாம். டாக்டர் மதுரைக்குப் போயிருக்காரு. சீரம் நம்ம கையில இருக்கு. வெள்ளனே கெளம்பினா பொழுது சாயறதுக்குள்ள போயிரலாம்."

"அட்ரினலின் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டாள் அமலி.

"கொஞ்சந்தாம்மா. அது எதுக்கு?"

"எல்லாத்தையும் எடுத்துக்குங்க."

மார்கழிக் குளிரில் வழியெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடந்தது. மன்னவனூர் தாண்டியதும் மூடுபனி இறங்கி, முன்னே போன குதிரையின் வால்கூடத் தெரியவில்லை. பரமானந்தம் பேசிக்கொண்டே வந்தார். அமலி போன வருஷம் ஊசி போட்ட பிள்ளைகளை மனசுக்குள் எண்ணிக்கொண்டே நடந்தாள்.

ஊர் எல்லையிலேயே பெண்கள் காத்திருந்தார்கள். வேலுத்தாய் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வந்துட்டீங்களா தாயி! போன வருசம் நீங்க போட்ட ஊசிதான் எம்புள்ள வள்ளியக் காத்துச்சு. இந்த வருசமும் போட்டுவிட்ருங்க. இனி எங்களுக்குப் பயமில்ல."

அந்த நம்பிக்கையைத் தாங்க முடியாமல் அமலி கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடக் கொட்டகையில் பிள்ளைகளைப் படுக்க வைத்திருந்தார்கள். பொன்னுச்சாமியின் கழுத்து வீங்கி, தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் தோல் படர்ந்திருந்தது. உடனே முழு அளவு சீரம் ஏற்ற வேண்டிய நிலை. அமலி அவன் முன்கைத் தோலில் மட்டும், தண்ணீரில் கலந்த சீரத்தில் துளியூண்டு குத்திவிட்டுக் காத்திருந்தாள்.

"வெரசாப் போடுங்கம்மா, மூச்சு முட்டுது அவனுக்கு," என்றாள் கந்தம்மாள்.

குத்திய இடம் சிவந்தது. பிறகு தடித்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரப்பான் படைபோலக் கை நீளத்துக்குப் படர்ந்தது. சுப்புராஜ் சுத்தம் செய்த அந்தச் சீரத்தில் குதிரை முழுசாக இருந்தது. ஒரு வருஷமாக அந்த உடம்பு அதை மறக்காமல் வைத்திருந்தது.

"என்னம்மா?" என்றார் பரமானந்தம்.

"போன வருஷம் ஊசி போட்ட பிள்ளைகளைத் தனியாப் பிரிங்க. போடாத பிள்ளைகளுக்கு முதல்ல குத்திப் பாருங்க, தடிக்கலேன்னா முழு அளவும் போடுங்க. இவங்களுக்கு நான் சொட்டுச் சொட்டாத்தான் ஏத்தணும். மொத்தமாப் போட்டா ஊசி முனையிலேயே உயிர் போயிரும்."

முதல் சொட்டுக்கே பொன்னுச்சாமியின் உதடு வீங்கி மூச்சு நின்றுவிடப் பார்த்தது. மூச்சைத் திருப்பும் அட்ரினலின் கொடுத்து மீட்டாள். வெகுநேரம் பொறுத்து, இன்னும் கொஞ்சமாக ஏற்றினாள். உடம்பை ஏமாற்றி ஏமாற்றி மருந்தை உள்ளே விடும் வேலை அது. அவசரப்பட்டால் சீரம் கொல்லும், தாமதித்தால் நோய் கொல்லும். வேலுத்தாயின் மகள் வள்ளிக்கும் நோய் தொற்றியிருந்தது, ஆனால் அவ்வளவு முற்றவில்லை. அவளுக்கு அந்த வேலை பலித்தது. பொன்னுச்சாமிக்கு முழு அளவும் போய்ச் சேருவதற்குள் நோயின் நஞ்சு இருதயத்தைப் பிடித்துவிட்டது. மறுநாள் முற்பகலில், தண்ணீர் கேட்டு எழுந்து உட்கார்ந்தவன், அப்படியே அம்மா மடியில் சரிந்தான்.

கந்தம்மாள் வெகுநேரம் அழவில்லை. எதிர்ப்பக்கம் படுத்திருந்த பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன வருசம் ஊசிக்குப் பயந்து ஓடி ஒளிஞ்சுச்சே, அந்தப் புள்ளைகளெல்லாம் எந்திரிச்சுக் கஞ்சி குடிக்குது," என்றாள். "வரிசையில மொத ஆளா நின்ன எம்மவன் போயிட்டான். ஏம்மா?"

பரமானந்தம் அவசரமாக, "எல்லாம் ஆண்டவன் சித்தம்..." என்று தொடங்கினார்.

"இல்லங்க," என்றாள் அமலி. "கந்தம்மா, நான் போன வருஷம் போட்ட ஊசியாலதான் இன்னைக்கு அவனுக்கு உடனே மருந்து கொடுக்க முடியல. அந்த ஊசி இல்லேன்னா இவனும் பிழைச்சிருப்பான்."

கந்தம்மாள் அவளை ஏசவில்லை. மகனைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, தூங்கும் பிள்ளையைக் கொண்டுபோவதுபோல வெளியே நடந்தாள். கூட்டம் வழிவிட்டது. அமலி ஊரைவிட்டுக் கிளம்பும்போது வேலுத்தாய் மட்டும் எல்லைவரை வந்தாள். அவளும் கையைப் பிடிக்கவில்லை.

மதராஸில் சுப்புராஜ் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "வருத்தமான விஷயம். ஆனா ஒரு குழந்தையை வச்சு ஒரு சீரத்தைத் தள்ளிட முடியுமா? முதல் வருஷக் கணக்கு நமக்கு அருமையா இருக்கு. அதை மட்டும் வெளியிடுவோம்."

"முதல் வருஷம் நோய் பக்கத்து ஊரோட நின்னுபோச்சு சார். நம்ம ஊசி காக்கல, நோய் வரல, அவ்வளவுதான். என் பெயரைப் போடாதீங்க."

"யோசிச்சுச் சொல்லு. ரீடர் பதவி இந்த மாசம் முடிவாகுது."

அவள் யோசித்துவிட்டதாகச் சொன்னாள். கட்டுரை அவள் பெயர் இல்லாமல் வெளிவந்தது. பதவி வேறொருவருக்குப் போனது. அவள் கிளாவரையில் கண்டதைத் தானே எழுதி மருத்துவப் பத்திரிகைகளுக்கு அனுப்பினாள், ஒருவரும் அச்சிடவில்லை. வகுப்பில் கினிப்பன்றியைக் கொல்வதை நிறுத்திக்கொண்டாள். அதற்குப் பதில் பொன்னுச்சாமியைப் பற்றிச் சொன்னாள்.

அறுபத்து நாலில் அவளுடைய பழைய மாணவன் ஒருவன் பேச்சுவாக்கில் சொன்னான், சுப்புராஜின் சீரம் இப்போது மலைக் காப்பித் தோட்டங்களுக்கும் போகிறது, பெரும்பாறைப் பக்கம் பெட்டி பெட்டியாக ஏறியிருக்கிறது என்று. அமலி அன்று மாலையே ரயிலேறினாள். வத்தலக்குண்டிலிருந்து பஸ் பிடித்து மலையேறினாள். காப்பிச் செடிகளுக்கு மேலே சாரல் கறுத்து நின்றது.

தோட்டத்து டாக்டர் நல்ல மனிதர். முழுவதும் கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "போன வாரமே போட்டாச்சே மேடம்! எல்லாப் பிள்ளைகளுக்கும்."

போட்ட ஊசியை எடுக்க முடியாது. அமலி, "தாய்மாரைக் கூப்பிட முடியுமா?" என்றாள்.

காப்பி காயப்போடும் களத்தில் வேலைக்குப் போகுமுன் பெண்கள் கூடினார்கள், இடுப்பில் பிள்ளையோடு, தலையில் சாக்கோடு. அமலி புத்தக வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. "உங்க பிள்ளைகளுக்குப் போன வாரம் போட்டது குதிரை ஊசி. இன்னொரு தடவை எந்த டாக்டர் குதிரை ஊசி எடுத்தாலும், அவர் கையைப் பிடிச்சு நிறுத்தி, 'எம்புள்ளைக்கு ஏற்கெனவே போட்டிருக்கு'ன்னு சொல்லணும். சொன்னா அவர் வேற மாதிரிப் போடுவார். சொல்லலேன்னா பிள்ளை செத்துப்போகும். எல்லாரும் ஒருதரம் சொல்லுங்க."

சொன்னார்கள். சரியாக வரவில்லை. மறுபடியும் சொல்ல வைத்தாள்.

பாப்பம்மாள் என்ற ஒருத்தி முன்னால் வந்தாள். "அந்தச் சீக்கு இங்க வருமாம்மா?"

"வரும்னே நெனச்சுக்குங்க," என்றாள் அமலி.

பெண்கள் கலைந்து சரிவில் இறங்கினார்கள். அமலி டாக்டர் பக்கம் திரும்பி, இந்தச் சீரம் இன்னும் எந்தெந்தத் தோட்டத்துக்குப் போயிருக்கிறது என்று கேட்டாள். அவர் பெயர்களை விரல் விட்டு எண்ணினார். ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனார். அவர் முடித்ததும் அமலி முதல் பெயரை மறுபடி சொல்லச் சொல்லி, அங்கே போக மத்தியானம் பஸ் உண்டா என்று விசாரித்தாள்.