பிளாஸ்டிக் தூண்டிலுக்கு எதிராக ஏழு பேர்

என் ஓரகத்தி நந்தினி எழுதிய கட்டுரையை நீக்கச் சொல்லிக் கோரிக்கை வைத்தது நான்தான். மறைக்க என்ன இருக்கிறது? வயிறு எரிந்தது, வைத்தேன்.

லைட்ஹவுஸ் குப்பத்தில் கருவாடு காயப்போடுகிற நேரம் போக, போனிலேயே இணையக் கலைக்களஞ்சியத்துக்குத் தமிழில் எழுதுகிறவள் நான். ஐந்து வருடம், நூற்று நாற்பத்து மூன்று கட்டுரை. பழவேற்காட்டு மீன், வலை, ஏரிக்கு வருகிற பறவை எல்லாம் என் கைபட்டது. மடவை மீன் கட்டுரைக்கு மட்டும் இருபத்தெட்டு சான்று தேடிப் போட்டிருக்கிறேன். வாரத்துக்கு ஒரு கட்டுரையை எடுத்து முதற்பக்கத்தில் போடுவார்கள். அந்த இடத்துக்கு நான் ஏங்கியது எனக்குத்தான் தெரியும். ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை.

நந்தினி என் கொழுந்தன் பிரசாந்தின் பெண்டாட்டி. போன வருடம்தான் தோணிரேவிலிருந்து இந்த வீட்டுக்கு வந்தாள். நான் எழுதுவதைப் பார்த்துத் தானும் ஆரம்பித்தாள். அவளுடைய ஐந்தாவது கட்டுரை, வெறும் ஐந்தாவது, வருகிற வெள்ளிக்கிழமை முதற்பக்கத்துக்குத் தேர்வாகிவிட்டது. வரிசையில் அதற்கு அடுத்து என் மடவை. அவளுடையது விழுந்தால் என்னுடையது ஏறும்.

அப்படி என்னதான் எழுதிவிட்டாள்? டிவியில் மாட்டி விளையாடுகிற கேம் பெட்டிக்கு இருபது வருடம் முன்னால் எவனோ செய்து விற்ற பிளாஸ்டிக் தூண்டில். நூல் கிடையாது, முள் கிடையாது, கைப்பிடியும் ஒரு சக்கரமும்தான். சுற்றினால் திரையில் மீன் மாட்டும். அவள் சித்தப்பா துபாயிலிருந்து பெட்டியை விட்டுவிட்டு அதை மட்டும் கொண்டுவந்தாராம். சின்ன வயதில் சும்மா டிவி முன்னால் நின்று சுற்றிக்கொண்டிருப்பாளாம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி, நடுவில் உட்கார்ந்துகொண்டு எழுதுவதற்கு இவளுக்கு வேறு தூண்டில் கிடைக்கவில்லை.

"விற்ற வேகத்திலேயே மறந்துபோன பொருள். இதற்குக் கட்டுரை என்றால் டிவி ரிமோட்டின் மூடிக்கும் ஒரு கட்டுரை வேண்டும்" என்று கோரிக்கையில் எழுதினேன்.

கீழேயே அவள் பதில் போட்டாள்: "ரிமோட் மூடியைப் பற்றியும் மூன்று பத்திரிகைகள் தனித்தனியே எழுதியிருந்தால், அதற்கும் வேண்டும்தான்." மூன்று பத்திரிகைகளின் பக்கங்களையும் இணைத்திருந்தாள். நல்ல பதில். அதனால்தான் இன்னும் எரிந்தது.

சாயந்திரம் குழாயடியில் கேட்டாள். "இன்னாக்கா, நீங்களா வெச்சீங்க?"

"ஆமா. விதின்னா விதிதான். வூட்டு ஆளுன்னு பாக்க முடியுமா?"

"அதுவும் சரிதான்க்கா" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கோபப்பட்டிருந்தாலாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

எங்கள் குப்பத்தில் மீன் காயும்போது மேகம் கறுத்தால், ஒருத்தி "மழை"னு கத்தினால் போதும். யார் வீட்டு மீன், யாருக்கு யாரோடு பேச்சில்லை என்று பார்க்காமல் அத்தனை பெண்களும் ஓடிவந்து கூடையில் வாரிப்போடுவார்கள். காரணம் கேட்கிற பழக்கம் கிடையாது. மறுநாள் நான் அப்படித்தான் கூப்பிட்டேன். ஏழு பேர் போனோடு வந்துவிட்டார்கள்.

"நீக்கிட்டா இன்னா ஆவும்?" என்றாள் சரோஜா.

"ஒண்ணும் ஆவாது."

"அப்போ சரி."

ஏழு பேருக்கும் களஞ்சியத்தில் கணக்கு திறந்து கொடுத்தேன். "இக்கட்டுரை தேவையில்லை, நீக்கலாம்" என்று ஒரே வரியை எல்லோரும் என் கோரிக்கைக்குக் கீழே எழுதினார்கள். கலெக்டருக்கு மனு எழுதிப் பழகிய கை. வரிக்குக் கீழே பெயர், அதற்குக் கீழே லைட்ஹவுஸ் குப்பம் என்று மறக்காமல் போட்டார்கள். ரங்கம்மாள் மட்டும் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துவிட்டாள்: "நந்தினி நல்ல பொண்ணு. நீக்கலாம்."

மறுநாள் காலையில் நிர்வாகி கங்காதரன் எழுதியிருந்தார். எந்த ஊர்க்காரரோ, முகம் பார்த்ததில்லை. "ஒரே ஊர், ஒரே மாலை, ஒரே வாக்கியம். இங்கே தலைகளை எண்ணுவதில்லை, வாதத்தைத்தான் பார்க்கிறோம். போலிக் கணக்குகளைக் கொண்டு முடிவை வளைக்க முயன்ற பானுப்ரியாவுக்கு ஓராண்டுத் தடை விதிக்கவும், மடவைக் கட்டுரையை வரிசையிலிருந்து எடுக்கவும் பரிந்துரைக்கிறேன்."

பானுப்ரியா நான்தான். முதற்பக்கம் கிடக்கட்டும், இனி எழுதவே முடியாது. அவள் மட்டும் எழுதிக்கொண்டே இருப்பாள், பக்கத்து அறையில், என் கண்ணெதிரே. எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

மத்தியானம் நந்தினியின் பெயரில் ஒரு பதில் வந்தது. மிதிக்கப்போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன்.

"இவை போலிக் கணக்குகள் அல்ல. ஏழு பேரும் இருக்கிறார்கள், ஏழு பேரையும் எனக்குத் தெரியும். ஒருத்தி கூப்பிட்டால் எல்லோரும் வருவது எங்கள் ஊர்ப் பழக்கம். இங்கே அது தவறு என்று தெரியாமல் செய்துவிட்டார்கள். பானுப்ரியா இல்லையென்றால் பழவேற்காட்டைப் பற்றி இந்தக் களஞ்சியத்தில் ஒரு வரி இருக்காது. தடை வேண்டாம். இந்த வெள்ளி மடவையைப் போடுங்கள். தூண்டில் அடுத்த வாரம் வரட்டும்."

கங்காதரன் ஒத்துக்கொண்டார். தூண்டில் கட்டுரை நிலைத்தது. எனக்குத் தடை இல்லை, எச்சரிக்கை மட்டும்.

வெள்ளிக்கிழமை காலை முதற்பக்கத்தில் என் மடவை இருந்தது. ஐந்து வருட ஆசை. அவள் ஒதுங்கிக் கொடுத்த இடத்தில் அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. போனை இடுப்பில் செருகிக்கொண்டு விறுவிறுவென்று கரைக்குப் போனேன். நந்தினி நெத்திலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எனுக்காகப் பேசச் சொல்லி உன்ன யாரு கேட்டா? நான் கேட்டனா?"

அவள் நிமிரக்கூட இல்லை.

"மழ வந்தா கேட்டுட்டா வருவாங்க, அக்கா?"

அவளுக்கு அடுத்த வரிசையில் குனிந்து நானும் மீனைத் திருப்பிப் போட ஆரம்பித்தேன். வயிற்றெரிச்சல் மட்டும் தணியவில்லை. இத்தனை நாள் அவள் கட்டுரையைப் பார்த்து எரிந்தது, இப்போது அவள் மனசைப் பார்த்து எரிகிறது.