கூடாரம் போட வந்த அன்று மேயரைக் காணோம்

மேயர் என்று பெயர் வைத்தது நான்தான். ஒரு கண் இந்தப் பக்கம் பார்க்கும், இன்னொரு கண் அந்தப் பக்கம் பார்க்கும், யாருக்கும் பிடி கொடுக்காது. முகத்தில் மூன்று கொம்பு வேறு. என் மகள் கெஹாவ், பள்ளியில் படிக்கும்போது, எங்கள் தீவில் கனியோஹே ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக் காப்பிச் செடியில் பிடித்த பச்சோந்தி அது. கல்லூரிக்கென்று அவள் கடல் தாண்டி ஆரிகன் கிளம்பினாள். பச்சோந்தியைத் தீவை விட்டுக் கொண்டுபோகச் சட்டம் விடாது. வீட்டில் மிச்சம் நான் ஒருத்தன்தான். ஆக, அது என் தலையில் விழுந்தது.

"கிண்ணத்துல தண்ணி வைக்காதப்பா, குடிக்கவே மாட்டான். இலைமேல தெளி, சொட்டுச் சொட்டா நக்கிக் குடிப்பான். கூண்டை விட்டு மட்டும் வெளிய விட்டுடாத" என்று சொன்னாள். சொன்னது போதாதென்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டும் போனாள்.

முதல் மாதம் எரிச்சலாகத்தான் இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் அதன் தீனிக்கு வெட்டுக்கிளி துரத்த வேண்டும் என்று எனக்கு என்ன தலையெழுத்து? ஆனால் ஒரு நாள் கையை நீட்டினேன். யோசித்து, ஆடி ஆடி, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து ஏறியது. அதன் விரல்கள் என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. அன்றோடு நான் அதற்கு அடிமை. சாயங்காலமானால் கூண்டைத் திறந்து ஜன்னல் திரைமேல் விட ஆரம்பித்தேன். மகளிடம் மூச்சு விடவில்லை.

பிறகு கரையான் வந்தது. எங்கள் ஊரில் கரையான் வந்தால் வீட்டையே கூடாரத் துணியால் மூடி விஷப்புகை அடிப்பார்கள். உள்ளே ஒரு கொசு பிழைக்காது. மூன்று மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. அன்று காலை அரிசி மூட்டை, பூந்தொட்டி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவிட்டுக் கடைசியாகக் கூண்டைத் தூக்கினேன். காலியாக இருந்தது. முந்தின நாள் கொக்கி மாட்ட மறந்திருக்கிறேன், மடையன்.

கூடாரக்காரர்களின் மேஸ்திரி டைரன் தாளை நீட்டினான். "உள்ள உயிருள்ளது எதுவும் இல்லன்னு கையெழுத்துப் போடுங்க அங்கிள்."

"மாட்டேன். ஒருத்தன் உள்ள இருக்கான்."

"யாரு?"

"மேயர்."

விஷயத்தைச் சொன்னதும் தலையைச் சொறிந்தான். "அட, பச்சோந்தியா? ஒரு மழை பெஞ்சா தோட்டத்துல நாலு பிடிச்சுத் தரேன் அங்கிள்."

"நாலு வேணாம். இவன்தான் வேணும்."

"இன்னைக்கு விட்டா ஆகஸ்ட்லதான் வர முடியும்."

"ஆகஸ்ட்ல வா. அதுவரைக்கும் கரையான் தின்னுட்டுப் போகட்டும்."

அந்த நேரம் பார்த்துக் கெஹாவ் வீடியோவில் கூப்பிட்டாள். மறைக்க முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"எழுதி ஒட்டினேன்ல?"

"ஒட்டின."

"காலைல தண்ணி தெளிச்சியா?"

"இந்த அமளியில எங்க தெளிக்கிறது?"

"அப்ப தாகமா இருப்பான். ரூம் ரூமாத் தெளி. தெளிச்சிட்டு அசையாம நில்லுப்பா."

டைரனும் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு தண்ணீர் தெளிக்கும் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டான். அடுப்படியில் தெளித்தோம், கூடத்தில் தெளித்தோம். ஒன்றும் அசையவில்லை. கடைசியில் கெஹாவின் அறைக்குப் போனோம். பள்ளி முடித்த அன்று கழுத்திலிருந்து காது வரை அவளுக்குக் குவிந்த இலை மாலைகள் சுவரில் தொங்கின. மாலையைக் குப்பையில் போடும் வழக்கம் எங்களிடம் கிடையாது, காய்ந்ததும் மண்ணுக்கே திருப்பிக் கொடுத்துவிடுவோம். எல்லாம் காய்ந்து பழுப்பாகியிருந்தன. அவற்றின்மேல் தெளித்துவிட்டு நின்றேன்.

ஒரு சருகு நாக்கை நீட்டித் துளியை நக்கியது.

"அடப்பாவி" என்று கையை நீட்டினேன். அவசரமே இல்லாமல் ஏறினான். ஃபோனைத் திருப்பிக் காட்டினேன். அவள் மேயரைப் பார்க்கவில்லை.

"மாலையெல்லாம் இன்னும் அப்படியே வெச்சிருக்கியாப்பா? மண்ணுக்குக் குடுத்திருக்கலாமே."

"குடுக்கணும்."

"எப்ப?"

"நீ வந்தப்புறம் பாத்துக்கலாம்."

அவள் ஃபோனைக் கீழே வைத்துவிட்டாள், திரையில் அவளுடைய ஆரிகன் அறையின் கூரை மட்டும்தான் தெரிந்தது.

மேயரைக் கூண்டில் விட்டுக் கொக்கியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். டைரன் மறுபடி தாளை நீட்டினான். இரு என்று சொல்லிவிட்டு உள்ளே போய், மாலைகளை ஒவ்வொன்றாக ஆணியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன்.

"அங்கிள், அது காஞ்ச இலை. புகை அதை என்ன பண்ணிடப்போகுது?"

"தெரியும்ப்பா. வண்டியில இடம் இருக்கு."

முன் சீட்டில் அவற்றைப் பரப்பிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டேன்.